தென்மேற்கு மூலை: ஒரு டொர்னாடோ விதியின் வரலாறு

டொர்னாடோ வந்தால் நிலவறையின் தென்மேற்கு மூலையில் ஒண்டிக்கொள்ள வேண்டும் என்பது அமெரிக்கச் சமவெளிகளில் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் வேதவாக்காக இருந்தது. ஜான் பார்க் ஃபின்லே 1887இல் வெளியிட்ட நூலே இதற்கு அச்சில் அதிகாரம் தந்தது. ஊர்மக்கள் நம்பிக்கை ஒன்று எப்படியோ நூலுக்குள் புகுந்துவிட்டது என்று இதை ஒதுக்கிவிடுவோர் உண்டு. அதில் எனக்கு உடன்பாடில்லை. நம்பிக்கை அவருக்கு முந்தியதாகவே இருக்கட்டும். அது எப்போது தோன்றியது என்பதை உறுதிசெய்ய வழியில்லை. ஆனால் அதை அவர் ஏற்றது கண்மூடித்தனத்தால் அன்று. அவருடைய ஆய்வுமுறையே அவரை அங்கே கொண்டு நிறுத்தியது.

ஃபின்லே ராணுவத்தின் சிக்னல் பிரிவைச் சேர்ந்தவர். 1879ஆம் ஆண்டு மே மாதப் புயல்களின் சேதத்தை நேரில் ஆராய்ந்தவர். 600 டொர்னாடோக்களின் பதிவுகளைத் தொகுத்தவர். பெரும்பாலானவை தென்மேற்கிலிருந்து வடகிழக்கு நோக்கி நகர்கின்றன என்று அவர் கண்டது சரியே. அதனால் வீடு வடகிழக்கே தள்ளப்படும், இடிபாடும் அங்கேயே விழும், எதிர்மூலை தப்பும் என்பது தர்க்கம். கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் அது இடிபாடு எங்கே போனது என்று மட்டுமே பார்க்கிறது. உள்ளே இருந்தவர் எங்கே பிழைத்தார் என்று பார்ப்பதில்லை.

இதே குறை 1884இல் அவர் வெளியிட்ட அட்டவணையிலும் உண்டு. அதைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். மொத்தம் 2,803 முன்கணிப்புகள். டொர்னாடோ வரும் என்று சொல்லி வந்தவை 28. சொல்லியும் வராதவை 72. சொல்லாமல் வந்தவை 23. வராது என்று சொல்லி வராதவை 2,680. இதிலிருந்து 96.6 விழுக்காடு வெற்றி என்று கணக்கிட்டார். புவியியலாளர் ஜி. கே. கில்பர்ட் அதே ஆண்டில் மறுத்தார். ஒவ்வொரு முறையும் ‘வராது’ என்று சொல்லியிருந்தாலே 98.2 விழுக்காடு கிடைத்திருக்கும்! பயனுள்ள கேள்வி வந்த 51இல் எத்தனையை முன்னறிந்தார் என்பதே. எளிதில் எண்ணக்கூடியதை எண்ணி, எண்ண வேண்டியதை விட்டுவிடும் இந்தப் பழக்கமே தென்மேற்கு விதியிலும் தெரிகிறது என்பது என் வாதம். ஃபின்லே எங்கும் இவ்விரண்டையும் இணைத்துப் பேசியதாகக் காட்ட இயலாது. இது முறையின் ஒற்றுமையிலிருந்து செய்யும் ஊகமே. ஆனாலும் வலுவான ஊகம்.

விதி ஏன் அவ்வளவு காலம் நிலைத்தது? பீதி பரவும் என்றஞ்சி வானிலை முன்னறிவிப்பில் ‘டொர்னாடோ’ என்ற சொல்லையே அரசு விலக்கியிருந்ததைக் காரணமாகச் சொல்லலாம். அந்தத் தடை தொடங்கிய ஆண்டு 1885 என்றும் 1887 என்றும் நூல்கள் முரண்படுகின்றன. 1938இல் நீங்கியது என்பது தெளிவு. ஆனால் தடை முன்னறிவிப்புக்குத்தான். சேதத்தை ஆராய யாரும் தடை போடவில்லை. 1925 மார்ச் 18இல் மிசூரி, இல்லினாய், இண்டியானா மாநிலங்களில் 695 பேரைக் கொன்ற டொர்னாடோவுக்குப் பிறகும் விதி அசையவில்லை. ஆகவே தடையைப் பாதிக் காரணமாகவே ஏற்கலாம்.

கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டவர் கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜோ ஈகிள்மன். 1966 ஜூன் 8இல் டொபீகா நகரைத் தாக்கிய டொர்னாடோவுக்குப் பின் வீடு வீடாக எந்தப் பக்கம் பாதுகாப்பாக இருந்தது என்று ஆராய்ந்தார். தெற்குப் பக்கமும் தென்மேற்கு மூலையும்தான் மிக மோசம், வடபக்கம் மேல். காற்று முதலில் மோதும் சுவர் உள்நோக்கிச் சரிகிறது. 1970இல் டெக்சாஸின் லப்பக் நகரிலும் ஏறக்குறைய இதே முடிவு. இரண்டே நகரங்களின் சான்று என்பதால் ‘வடக்கே போ’ என்று புதுவிதி எழுத நான் துணியமாட்டேன். பழைய விதியை வீழ்த்த அது போதும்.

 

அழுத்தத்தைச் சமன்செய்ய ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும் என்ற அறிவுரையும் இவ்வகையே. சுவர்கள் வெளிப்புறமாகக் கிடப்பதைக் கண்டு வீடு வெடித்தது என்றார்கள். உண்மையில் காற்று கூரையைப் பிய்த்தெடுத்த பின் பிடிப்பிழந்த சுவர்கள் சாய்கின்றன. ஜன்னலைத் திறந்தால் கூரைக்கு அடியில் தள்ளும் காற்று கூடுகிறது. இன்றைய அமெரிக்க அதிகாரபூர்வ அறிவுரையில் திசையே கிடையாது: கீழ்த்தளம், உட்புறம், ஜன்னல் இல்லாத சிறிய அறை.