பழங்கற்படியும் மின்னேடும்

எழுதிவைத்தது அழியுமுன் அதனை வேறொன்றில் பெயர்த்தெழுத வேண்டிய நிலை எல்லாக் காலத்தும் வந்திருக்கிறது. பெயர்த்தெழுதிய படிக்கு மூலத்தின் மதிப்பு உண்டா என்ற வினாவும் உடன் வந்திருக்கிறது. இவ்வினாவுக்கு முன்னோர் கண்ட விடையையும், இந்நாளைய சட்டம் கண்ட விடையையும் மாணவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

சுந்தரரின் மணப்பந்தலில் கிழிபட்டது படியோலை. வழக்கை முடித்தது திருவெண்ணெய்நல்லூர் அவையில் காட்டப்பெற்ற மூலவோலை. அதன் கையெழுத்தையும் காப்பில் இருந்த வேறோர் ஓலையோடு ஒப்புநோக்கிய பின்னரே அவையோர் தீர்ப்பளித்தனர் என்பது பெரியபுராணம் கூறும் செய்தி. இதனை யாவரும் அறிவர்.

பலர் அறியாதது திருக்கோடிகாவல் கோயிலின் வரலாறு. பத்தாம் நூற்றாண்டில், கண்டராதித்த சோழரின் தேவியாராகிய செம்பியன் மாதேவியார் காவிரிக்கரையில் உள்ள இக்கோயிலைக் கருங்கற்றளியாகப் புதுப்பித்தார். பழைய கற்களை அகற்ற வேண்டியதாயிற்று. அவற்றிலோ, பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்தன உட்படப் பல சாசனங்கள் இருந்தன. கொடை அளித்தவர்கள் மறைந்து பல்லாண்டுகள் ஆகிவிட்டன. அவர்கள் செய்த அறத்துக்கு அக்கல்லன்றி வேறு சாட்சி ஏது? ஆகவே அச்சாசனங்கள் புதுச் சுவரில் மீண்டும் வெட்டப்பெற்றன. அவ்வளவோடு நில்லாமல், இது பழங்கற்படி என்ற குறிப்பும் பொறிக்கப்பெற்றது. மூலம் போல நடியாமல், ‘நான் படி’ என்று தன்னைத் தானே அறிவிக்கும் கல் அது. அந்த ஒரு சொல்லுக்காகவே அக்கோயிலை ஒருமுறை சென்று காணலாம்.

நிற்க. நம் நாட்டில் 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டமும், 1952-ஆம் ஆண்டின் நோட்டரிகள் சட்டமும் தாளில் எழுதும் பதிவேடுகளை மனத்திற்கொண்டு பிறந்தவை. 2000-ஆம் ஆண்டில் வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டம், பாதுகாக்க வேண்டிய ஆவணத்தை மின்வடிவில் வைக்க இசைந்தது. ஆயினும் அதன் ஏழாம் பிரிவு சில கட்டளைகளை இட்டது. பின்னாளில் எடுத்துப் படிக்கக் கூடியதாக அது இருக்கவேண்டும். முதலில் உண்டான வடிவிலோ, அதனைப் பிழையின்றிக் காட்டும் வடிவிலோ இருக்கவேண்டும். எங்கிருந்து, எங்கே, எந்நாள், எந்நேரம் வந்தது என்ற விவரமும் அழியாமல் நிற்கவேண்டும். செம்பியன் மாதேவியாரின் சிற்பி இவற்றுள் பெரும்பகுதியை முன்னரே நிறைவேற்றிவிட்டான்! உயில் இன்றும் அச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. எழுதியவர் இறந்தபின் பேசும் ஏடு அது. அங்கே இந்த அச்சம் தக்கதே.

2001-இல் பதிவுச் சட்டத்தில் 16அ என்னும் பிரிவு சேர்க்கப்பெற்றது. பதிவுப் புத்தகங்களைக் கணினியின் பிளாப்பித் தட்டுகளிலும் பிற மின்வடிவிலும் ‘கூட’ வைக்கலாம் என்றது அது. இலக்கணம் பயில்வோர் அந்த எச்சவும்மையைக் கவனிக்க. தாளேடு இருக்க, அதனோடு இதுவும் என்பதே அதன் பொருள் என்று நான் கொள்கிறேன். இன்று அப்பிளாப்பித் தட்டைக் கண்ணால் கண்ட மாணவர் எத்தனை பேர்? கல்லைப் படிக்கக் கண் போதும். தட்டைப் படிக்க அதற்கேற்ற பொறி வேண்டும். பொறி வழக்கொழிந்தால், எழுத்து அழியாதிருந்தும் பயனில்லை. கணவனை இழந்த ஒருத்தியின் அரைக்காணி நிலத்துக்குப் பிறன் ஒருவன் உரிமை கோருகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவளது பத்திரம் வெள்ளத்தில் போயிற்று. பதிவலுவலகத்துப் படி ஒன்றே அவளுக்குத் துணை. அதனைத் திறக்க இயலவில்லை என்று விடை வந்தால் அவள் எங்கே போவாள்?

2024 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்னாவணத்தோடு ஒரு சான்றிதழையும் கேட்கிறது. அதில் அவ்வாவணத்தினின்று கணித்தெடுத்த ஓர் அடையாள எண்ணைக் குறிக்க வேண்டும். ஆவணத்தில் ஓரெழுத்து மாறினாலும் அவ்வெண் மாறிவிடும்; திருத்தம் வெளிப்பட்டுவிடும். ஆனால் கெட்டது என்று அது காட்டுமேயன்றி, கெட்டதை மீட்டுத் தாராது. அதற்கு வேறோரிடத்தில் இன்னொரு படி இருந்தாக வேண்டும். காலந்தோறும் அதனைப் புதுத் தட்டுக்கு மாற்றி வைக்க ஓர் ஆளும் வேண்டும்.