நகைக்கு இளமையும் ஒரு காரணம்: பள்ளிக் காதல் படக்கதைகளின் வரலாறு

தோட்டப் பள்ளியில் நெடுங்காலம் பணியாற்றும் ஆசிரியனிடம் பழைய மாணவர் வந்து கேட்கும் உதவிகள் பெரும்பாலும் ஒரே வகையினவாக இருக்கும். நற்சான்றிதழ் ஒன்று வேண்டும் என்பர். தம்பியைப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்பர். சில மாதங்களுக்கு முன் எனக்கு வந்த வேண்டுகோள் அவ்வகையைச் சேர்ந்ததன்று. கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் செல்வதற்காக ரயிலேறிய நான், எதிர் இருக்கையில் என் பழைய மாணவி ஒருத்தியைக் கண்டேன். இப்பொழுது அவள் படிவம் நான்கில் பயில்கிறாள். கையிலிருந்த புத்தகத்தில் ஆழ்ந்து தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தவள், என்னைக் கண்டதும் அதனைப் பைக்குள் மறைக்க முயன்றாள். அது ‘மங்கா’ எனப்படும் ஜப்பானியப் படக்கதை. பள்ளி மாணவர் இருவரிடையே அரும்பும் அன்பை நகைச்சுவையோடு சொல்வது. கண்டிப்பேன் என்று எதிர்பார்த்திருந்தாள் போலும். நான் கண்டிக்கவில்லை என்று கண்டதும், கே.எல். சென்ட்ரல் நெருங்கும் வேளையில், “ஐயா, இதே மாதிரி வேறு கதைகள் இருந்தால் சொல்லுங்களேன். தமிழில் இருந்தால் இன்னும் நல்லது” என்றாள்.

எனக்கு உடனே விடை கூற இயலவில்லை. இக்கட்டுரை அவளுக்கு நான் காலந்தாழ்த்தி அளிக்கும் விடை. ஆசிரியப் பெருமக்கள் முன்னிலையிலும் அதனை வைப்பது பொருந்தும் என்று கருதுகிறேன்.

தொல்காப்பியர் வகுத்த நெறி

காதலும் நகையும் கலந்த இலக்கியம் அயல்நாட்டுச் சரக்கு என்றும், கற்றோர் கவனத்திற்குத் தகாதது என்றும் நம்மிற் பலர் எண்ணுகிறோம். இவ்வெண்ணம் பிழையாகும். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளை வகுக்கும்போது நகையைத்தான் முதலில் வைத்தார். அந்நகை பிறக்கும் நிலைக்களன் நான்கு என்றும் கூறினார். பிறரை எள்ளுவதும் பிறரால் எள்ளப்படுவதும் ஒன்று, இளமை மற்றொன்று, அறியாமையாகிய பேதைமை மூன்றாவது, பிறர் சொன்னதை அப்படியே நம்பிப் பற்றிக்கொள்ளும் மடமை நான்காவது. நகைக்கு இளமையே ஒரு காரணமாகும் என்று இலக்கணம் செய்த மொழி நம்முடையது. இளையோர் தம் பருவத்தின் தடுமாற்றங்களைக் கண்டு தாமே சிரிப்பதைக் குற்றமெனக் கொள்ள நமக்கு இடமில்லை.

இலக்கணத்திற்கு ஏற்ற இலக்கியமும் நம்மிடம் உண்டு. கலித்தொகையின் ஐம்பத்தோராம் பாட்டு, கபிலர் பாடிய குறிஞ்சிக்கலியைச் சேர்ந்தது. தலைவி தன் தோழிக்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறாள். சிறுமியராய்த் தெருவில் மணல்வீடு கட்டி விளையாடியபோது அதைக் காலால் சிதைத்தும், கூந்தலிற் சூடிய மாலையை அறுத்தும், பந்தைப் பறித்துக்கொண்டு ஓடியும் தொல்லை தந்த ஒரு குறும்பன், வளர்ந்தபின் ஒருநாள் அவள் வீட்டு வாசலில் வந்து தண்ணீர் கேட்கிறான். தாய் அவளையே நீர் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்கிறாள். நீர் வாங்கும்போது அவன் அவள் வளைக்கையைப் பற்றுகிறான். அவள் திடுக்கிட்டுத் தாயைக் கூவி அழைக்கிறாள். தாய் ஓடி வருகிறாள். அந்த நொடியில் அவள் மனம் மாறிவிடுகிறது. நீர் குடிக்கையில் இவனுக்கு விக்கிக்கொண்டது என்று பொய் சொல்லிவிடுகிறாள். தாயும் அதை நம்பி அவன் முதுகைத் தடவிக் கொடுக்கிறாள். அவனோ தாய்க்குத் தெரியாமல் கடைக்கண்ணால் அவளை நோக்கிச் சிரிக்கிறான்.

இக்கதையைக் கட்டங்களாகப் பிரித்து ஓவியன் ஒருவன் வரைந்தால், அந்த மாணவி கையில் இருந்த புத்தகத்தில் ஓர் அத்தியாயமாகவே அது அமைந்துவிடும். குறும்பனும் உண்டு, திடுக்கிடும் பெண்ணும் உண்டு, ஒன்றும் அறியாத பெரியவரும் உண்டு. இறுதிக் கட்டத்தில் ஒரு சிரிப்பும் உண்டு. சி. வை. தாமோதரம் பிள்ளையவர்கள் 1887 ஆம் ஆண்டில் கலித்தொகையைப் பதிப்பித்து அழியாமற் காத்தார்கள். அந்நூலை நாம் மாணவர்க்கு இலக்கணக் குறிப்புகளோடு கற்பிக்கிறோம். சிரிப்போடு கற்பிக்கிறோமா என்பதே கேள்வி.

ஜப்பானில் இவ்வகை வளர்ந்த வரலாறு

‘மங்கா’ என்னும் சொல்லைக் கேட்டவுடன் தமிழ்க்காது அதனை ‘மங்காத’ என்று பொருள்கொள்ள விழையும். ஜப்பானிய மொழியில் அதற்கு, மனம்போன போக்கில் வரைந்த சித்திரம் என்பது பொருள். ஹொக்குசாய் என்னும் பேரோவியர் 1814 ஆம் ஆண்டில் வெளியிடத் தொடங்கிய சித்திரத் தொகுதிகளுக்கு இப்பெயரையே சூட்டினார். இன்றைய படக்கதை வடிவம் இரண்டாம் உலகப் போருக்குப் பின் தழைத்தது. ஒசாமு தெசுகா 1953 ஆம் ஆண்டில் சிறுமியர் இதழொன்றில் ‘ரிபோன் நோ கிஷி’ என்ற தொடரைத் தொடங்கிப் பெண்சிறார்க்குரிய நெடும்படக்கதைக்கு வழிகாட்டினார்.

ஆயினும் பள்ளிக்காதல் என்னும் கிளை முளைத்ததற்கு ஓவியரின் திறமை மட்டும் காரணமன்று. போருக்கு முன் ஜப்பானில் தொடக்கப் பள்ளிக்கு மேற்பட்ட நிலையில் ஆண்களும் பெண்களும் பெரும்பாலும் தனித்தனிப் பள்ளிகளிலேயே பயின்றனர். 1947 ஆம் ஆண்டின் அடிப்படைக் கல்விச் சட்டம் இருபாலரும் சேர்ந்து கற்பதை ஏற்றது. ஆறு ஆண்டுத் தொடக்கக் கல்வி, மூன்று ஆண்டு இடைநிலை, மூன்று ஆண்டு உயர்நிலை என்ற அமைப்பும் அப்பொழுதே வந்தது. பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரையிலான இளையோர் ஒரே வகுப்பறையில் அமர்ந்தனர். பக்கத்து மேசை, மழைநாளில் ஒரே குடை, பள்ளி விழா, தேர்வு முடிவுப் பலகை ஆகிய யாவும் கதைக்குக் களமாயின. 1978 முதல் 1987 வரை ‘உருசெய் யத்சுரா’ என்ற தொடரை வரைந்த ருமிக்கோ தகாஹாஷி என்னும் பெண்மணி, இந்நகைச்சுவையைச் சிறுவர் இதழிலும் நிலைபெறச் செய்தார். சமூகத்தில் ஒரு களம் உண்டாகிறது. பின்னரே இலக்கியத்தில் அது இடம்பெறுகிறது. இவ்வுண்மையை நினைவில் வைத்துக்கொள்வோமாக.

நான்கு நிலைக்களனுக்கு நான்கு கதைகள்

அம்மாணவிக்கு நான் பரிந்துரைக்கும் கதைகளைத் தொல்காப்பியர் வகுத்த நான்கினுள் அடக்கியே கூறுகிறேன்.

எள்ளலுக்கு: சோய்ச்சிரோ யமமோத்தோ 2013 முதல் 2023 வரை வரைந்த ‘கரகாய் ஜோசு நோ தகாகி-சான்’. பக்கத்து இருக்கையில் அமர்ந்த பெண் நாள்தோறும் பையனைக் கேலி செய்து தோற்கடிக்கிறாள். அவனும் நாள்தோறும் பழிவாங்கத் திட்டமிட்டுத் தோற்கிறான். கதை முழுவதும் இவ்வளவே. ஆயினும் அக்கேலி அன்பின் மறுபெயர் என்பது அவனைத் தவிர எல்லார்க்கும் புரிகிறது.

பேதைமைக்கு: இசுமி த்சுபாக்கி 2011 ஆம் ஆண்டில் தொடங்கிய ‘கெக்கன் ஷோஜோ நொசாகி-குன்’. ஒரு பெண் தன் உள்ளத்தைத் திறந்து சொல்ல முயன்று, நாணத்தால் தடுமாறி, உன் இரசிகை நான் என்று சொல்லிவிடுகிறாள். அவனோ மறைவாகப் படக்கதை வரைபவன். கையொப்பம் கேட்கிறாள் போலும் என்று எண்ணிக் கையொப்பமிட்டுத் தருகிறான்.

மடமைக்கு: கருஹோ ஷீனா வரைந்து 2017 ஆம் ஆண்டில் நிறைவுற்ற ‘கிமி நி தொதொகே’. தோற்றத்தைக் கண்டு பேய்ப்படப் பாத்திரத்தின் பெயரால் வகுப்பார் அழைத்து ஒதுக்கிய பெண் ஒருத்தி, பிறர் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் உண்மையென்றே கொள்கிறாள். அவள் மடமையைக் கண்டு சிரிக்கத் தொடங்கும் நாம், சிறிது சிறிதாக அவளை மதிக்கத் தொடங்குகிறோம். ஒதுக்கப்பட்ட பிள்ளை எந்த வகுப்பிலும் உண்டு. ஆதலால் நான்கனுள் ஆசிரியர் முதலிற் படிக்கத்தக்கது இதுவே.

இளமைக்கு: அக்கா அக்கசாக்கா 2015 முதல் 2022 வரை வரைந்த ‘காகுயா-சாமா’. அறிவிற் சிறந்த மாணவத் தலைவர் இருவர் ஒருவரையொருவர் விரும்புகின்றனர். முதலில் வாய்திறப்பவரே தோற்றவர் என்று இருவரும் எண்ணிப் போர் புரிகின்றனர். திருக்குறளின் இறுதி அதிகாரமாகிய ஊடலுவகையைக் கற்றவர் இங்கே புன்முறுவல் கொள்வர். பிணக்கில் இறங்கி வந்தவருக்கே வெற்றி என்பது வள்ளுவர் கண்ட முடிவு. அதனை உணர அவ்விருவர்க்கும் பல தொகுதிகள் தேவைப்பட்டன.

ஒன்று கூறல் கடமை. மங்கா என்ற பெயருடையன எல்லாம் மாணவர்க்கு உரியன அல்ல. வயது வந்தோர்க்கென்றே வரையப்படுவனவும் உள. அட்டையைக் கண்டு தடை செய்வதும் தவறு. அட்டையைக் கண்டு அனுமதிப்பதும் தவறு. ஆசிரியர் முதலில் தாமே படிக்க வேண்டும்.

நம் நாட்டுச் செல்வம்

தொலைவில் உள்ளதைப் போற்றும்போது அருகில் உள்ளதை மறத்தலாகாது. பேராக் மாநிலம் கோப்பெங் வட்டாரத்தில் 1951 ஆம் ஆண்டில் பிறந்த லாட் என்னும் முகமது நோர் காலிட், பதின்மூன்று வயதிலேயே தம் முதற் படக்கதையை அச்சிற் கண்டவர். 1979 ஆம் ஆண்டில் வந்த அவரது ‘கம்போங் பாய்’ உலகறிந்தது. அதன் தொடர்ச்சியாகிய ‘டவுன் பாய்’, கம்பத்துச் சிறுவன் ஈப்போ நகரில் உயர்நிலைப் பள்ளி மாணவனாக வளர்வதைக் கூறுகிறது. சீன நண்பன் பிராங்கியோடு பாட்டு கேட்பதும், ஊரே திரும்பிப் பார்க்கும் பெண்ணொருத்தியோடு நடந்து செல்லும் பேறு பெற்றுத் தடுமாறுவதும், இறுதியில் நண்பனை வழியனுப்பும் பிரிவும் அதில் உள்ளன. அந்த மாணவி விரும்பும் கதை வகைக்கு இம்மண்ணில் தோன்றிய மூத்த அண்ணன் இந்நூலே எனலாம். 1978 ஆம் ஆண்டில் தோன்றிய ‘கிலா-கிலா’ இதழும் மலாய் நகைச்சுவைச் சித்திரத்திற்குப் பெரியதொரு களம் அமைத்தது.

தமிழில் ஏன் இல்லை?

அவளுடைய கேள்வியின் இரண்டாம் பகுதிதான் என்னை உறங்கவிடாதது. தமிழில் படக்கதை இல்லாமல் இல்லை. சிவகாசியிலிருந்து 1972 ஆம் ஆண்டு முதல் முத்து காமிக்ஸும், 1984 ஆம் ஆண்டு முதல் லயன் காமிக்ஸும் வந்தன. ஆனால் இரும்புக்கை மாயாவியும் துப்பறிவாளரும் குதிரை வீரரும் நிறைந்த அவ்வுலகில் பள்ளிக்கூட மணி அரிதாகவே ஒலித்தது. நகைச்சுவை எழுத்தும் நம்மிடம் குறைவன்று. தேவனின் துப்பறியும் சாம்புவைச் சித்திரத்தோடு சுவைத்த தலைமுறைகள் உண்டு. அவ்விரண்டும் பள்ளி வகுப்பறையிற் சந்திக்கவில்லை.

மலேசியாவில் இதற்கு வரலாற்றுக் காரணம் ஒன்றுண்டு. 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாத தோட்டங்கள் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. பிள்ளைகள் எழுத்தறிய வேண்டும் என்பதோடு அச்சட்டத்தின் நோக்கம் நின்றுவிட்டது. இன்று ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருப்பினும் அவை ஆறாம் ஆண்டோடு முடிகின்றன. பன்னிரண்டு வயதில் தமிழ் வகுப்பறையை விட்டு வெளியேறும் பிள்ளை, புகுமுக வகுப்பு வழியாகவோ நேரடியாகவோ மலாய்மொழி இடைநிலைப் பள்ளியை அடைகிறது. அங்கே தமிழ் ஒரு பாடம் மட்டுமே. நாணமும் நகையும் காதலும் அரும்பும் பருவம் முழுவதும் வேறு மொழிச் சூழலிற் கழிகிறது. ஜப்பானியர்க்கு 1947 ஆம் ஆண்டு தந்த களம், நம் பிள்ளைகளுக்குத் தமிழில் கிடைக்கவில்லை. ஆகையால் அவர்கள் தமிழில் பாட்டியோடு பேசுகின்றனர். சிரிப்பையும் ஏக்கத்தையும் பிற மொழிகளில் தேடுகின்றனர். அவர்களைக் குறை கூறிப் பயனில்லை.

குறை கூறிய காலம் எனக்கும் உண்டு. ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியேற்ற புதிதில், ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனிடமிருந்து படக்கதைப் புத்தகம் ஒன்றைப் பறித்து அலமாரியிற் பூட்டினேன். ஆண்டு முடிந்தும் திருப்பித் தர மறந்துவிட்டேன். பின்னொரு நாள் அலமாரியை ஒழிக்கும்போது அதனைத் திறந்து பார்த்தேன். ஓரங்களில் எல்லாம் அவன் தன் கையெழுத்தில், பாத்திரங்கள் பேசுவதைத் தமிழில் எழுதி வைத்திருந்தான். யாரும் சொல்லாமல் தானே மொழிபெயர்த்திருந்தான். கட்டுரை எழுதச் சொன்னால் ஐந்து வரிக்கு மேல் எழுதாத மாணவன் அவன்.

செய்யத்தக்கது

1950 ஆம் ஆண்டை ஒட்டித் தமிழ் நேசன் நாளிதழ் கதை வகுப்பு ஒன்றை நடத்திற்று. எழுதத் தெரியாதவரையும் எழுதப் பழக்கிற்று. 1924 ஆம் ஆண்டில் தோன்றிய அந்நாளிதழ் 2019 ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. ஆயினும் அது காட்டிய வழி நிற்கவில்லை. இடைநிலைப் பள்ளித் தமிழாசிரியர்கள் தம் தமிழ்மொழிக் கழகங்களில் படக்கதை வகுப்பு நடத்தலாம். வரையத் தெரிந்தவன் வரையட்டும். பேச்சை எழுதத் தெரிந்தவள் எழுதட்டும். முதற்பயிற்சிக்குக் கலித்தொகையின் அந்த ஒரு பாட்டே போதும். களத்தை மட்டும் அவர்கள் விருப்பம்போல் மாற்றிக்கொள்ளட்டும்: தெருவிற்குப் பதில் பள்ளிச் சிற்றுண்டிச்சாலை, மணல்வீட்டிற்குப் பதில் அறிவியல் கண்காட்சிக்குச் செய்த அட்டை வீடு, விக்கல் மட்டும் அதே விக்கல்.

அந்த மாணவிக்கு இதுவே என் விடை: குழந்தாய், மேலே கூறிய ஐந்து நூல்களையும் படி. ஆறாவது நூல் தமிழில் இன்னும் எழுதப்படவில்லை. அதனை எழுதுவோருள் நீயும் ஒருத்தியாக இரு.