303உம் 363உம்: ஒரு உடம்பு, இரண்டு சட்டப் பிரிவுகள்

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் 303 என்று ஒரு பிரிவு இருக்கிறது, அது கருக்கலைப்பைப் பற்றியது. 363 என்று இன்னொன்று, அது பாலியல் வல்லுறவைப் பற்றியது. இரண்டையும் நாங்கள் எப்பவும் தனித்தனியாகத்தான் கதைக்கிறோம். வல்லுறவுச் செய்தி ஒன்று வந்தால் "தூக்கில போடுங்கோ" என்று முகநூலில் எழுதுகிற அதே ஆட்கள், கருக்கலைப்பு என்ற சொல் வந்ததும் அமைதியாகி விடுவினம். ஆனால் வல்லுறவுக்கு ஆளான பெண் கர்ப்பமானால் இந்த இரண்டு பிரிவுகளும் ஒரே உடம்பில் வந்து சந்திக்கின்றன. 363 அவளைப் பாதிக்கப்பட்டவர் என்கிறது. 303 அவளையே குற்றவாளி ஆக்கலாம்.

இந்த முரண் எங்கிருந்து வந்தது, அதை மாற்றப் பெண்கள் என்ன செய்தார்கள், ஏன் இன்னும் மாறவில்லை என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

வெள்ளைக்காரன் விட்டுப்போன வரி

தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பார்த்து ஆங்கிலேயர் எழுதியது. 303ஆம் பிரிவின்படி கருவைக் கலைப்பவருக்கு மூன்று வருடம் வரை சிறை. வயிற்றில் பிள்ளை துடிக்கத் தொடங்கிய பிறகு என்றால் ஏழு வருடம் வரை. தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணுக்கும் இது பொருந்தும். ஒரேயொரு விதிவிலக்குத்தான்: தாயின் உயிரைக் காப்பாற்ற நல்லெண்ணத்தோடு செய்தால் குற்றமில்லை. வல்லுறவு என்றாலும், தகப்பனால் கர்ப்பமான பிள்ளை என்றாலும், பிறந்ததும் இறந்துவிடும் என்று வைத்தியர்கள் உறுதியாகச் சொன்ன சிசு என்றாலும் விலக்கில்லை.

சட்டத்தை எழுதிய பிரித்தானியா 1967இல் தன்னுடைய சட்டத்தைத் தளர்த்தியது. அதே வாசகத்தைக் கொண்டிருந்த இந்தியா 1971இல் தனிச்சட்டம் கொண்டு வந்தது. நேபாளம் 2002இல் மாறியது. கத்தோலிக்க நாடான அயர்லாந்து 2018இல் மக்கள் வாக்கெடுப்பு வைத்து மாற்றியது. எங்கள் 303 மட்டும் விக்டோரியா மகாராணி காலத்தில் இருந்தபடியே இருக்கிறது. "கருக்கலைப்பு உரிமை மேற்கத்தேயச் சரக்கு" என்று சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். மேற்கில் இருந்து வந்தது தடைதான்.

முதல் கிளினிக்

பிள்ளை எப்போது, எத்தனை என்று பெண் தீர்மானிக்கலாம் என்ற கதை இங்கே நேற்றுத் தொடங்கியதில்லை. கனடாவில் பிறந்து, தமிழரைத் திருமணம் செய்து இலங்கையில் வாழ்ந்த வைத்தியர் மேரி இரட்ணம், பெண்களின் வாக்குரிமைக்காக 1927இல் தொடங்கிய சங்கத்தில் முன்னின்றவர். 1930இல் லங்கா மகிளா சமிதியைத் தொடக்கியவரும் அவர்தான். 1937இல் அவர் குடும்பத் திட்டமிடல் கிளினிக் ஒன்றை ஆரம்பித்தபோது கடும் எதிர்ப்பு வந்தது. பிறகு 1953இல் குடும்பத் திட்டமிடல் சங்கம் உருவானது. அதில் முன்னின்றவர்களில் ஒருவர் பெண் நோயியல் வைத்தியர் சிவா சின்னத்தம்பி.

கருத்தடை படிப்படியாக அரச சுகாதார சேவையின் பகுதியானது. குடும்பநல மாது வீட்டுக்கு வந்து குளிசை கொடுப்பது இன்று ஆருக்கும் அதிர்ச்சியில்லை. ஆனால் அந்த ஏற்பு திருமணமான பெண்ணுக்கு மட்டும்தான். மருந்துக்கடையில் அவசரக் கருத்தடைக் குளிசை கேட்கிற திருமணமாகாத பெட்டையை ஊர் எப்படிப் பார்க்கும் என்று உங்களுக்கே தெரியும்.

யுத்தத்துக்குள்ளே ஒரு பெண்ணியம்

1980களில் வடக்குக் கிழக்கில் பெண்கள் எழுதவும் சேரவும் தொடங்கினார்கள். 1986இல் யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் 'சொல்லாத சேதிகள்' என்ற கவிதைத் தொகுப்பை வெளியிட்டது. யாழ். பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்த ராஜினி திராணகம, இந்தியப் படை காலத்தில் வல்லுறவுக்கு ஆளான பெண்களின் அனுபவங்களைப் பதிவு செய்தார். 'முறிந்த பனை' நூலில் பெண்கள் பற்றிய அந்த அத்தியாயம் இருக்கிறது. பாதிக்கப்பட்ட பெண்ணைத் தன் சமூகமே எப்படிக் கைவிட்டது என்பதையும் அவர் மறைக்கவில்லை. பூரணி என்ற பெண்கள் இல்லத்தை உருவாக்கியவர்களிலும் அவர் ஒருவர். 1989 செப்டெம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அதே பூரணியில் வேலை செய்த கவிஞர் செல்வி, பெண்கள் பற்றிய நாடகங்களைப் போட்ட கலைப்பீட மாணவி. 1991இல் புலிகளால் பிடிக்கப்பட்டார். திரும்பி வரவேயில்லை.

இந்த இரண்டு பெயர்களையும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வல்லுறவைப் பற்றிக் கதைக்கிறபோது "எந்தப் பக்கம்?" என்றுதான் எங்கள் சமூகம் முதலில் கேட்கும். "அவளுக்கு என்ன வேணும்?" என்று கேட்டவர்கள் எல்லாப் பக்கத்துக்கும் வேண்டாதவர்களாகப் போனார்கள்.

கிழக்கில் இருந்து இடம்பெயர்ந்து கொழும்பு முகாம்களுக்கு வந்த பெண்களோடு 1991இல் தொடங்கிய சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம், 1993இல் மட்டக்களப்புக்குப் போய் வேலையைத் தொடர்ந்தது. கொழும்பில் 1987இல் தொடங்கிய 'விமன் இன் நீட்' வன்முறைக்கு ஆளான பெண்களுக்குச் சட்ட உதவியும் தங்குமிடமும் கொடுத்தது. 1994இல் ஐக்கிய நாடுகள் சபை, பெண்களுக்கு எதிரான வன்முறை பற்றிய முதலாவது விசேட அறிக்கையாளரை நியமித்தது. அவர் இலங்கைத் தமிழரான ராதிகா குமாரசுவாமி.

1995: பாதி வெற்றி

இந்த அழுத்தங்களின் நடுவில்தான் 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தச் சட்டம் வந்தது. 112 வருடங்களுக்குப் பிறகு பாலியல் குற்றங்கள் பற்றிய பகுதி பெரிய அளவில் மாறியது. சம்மத வயது 12இல் இருந்து 16 ஆனது. வல்லுறவுக்குக் குறைந்தது ஏழு வருடம், கூடியது இருபது வருடம் என்று தண்டனை வகுக்கப்பட்டது. கூட்டு வல்லுறவுக்கும் காவலில் உள்ள பெண் மீதான வல்லுறவுக்கும் குறைந்தபட்சம் பத்து வருடம். தகாப்புணர்ச்சியும் பாலியல் தொந்தரவும் தனிக் குற்றங்களாயின. எல்லாவற்றையும் விட முக்கியமான ஒரு விளக்கம் சேர்க்கப்பட்டது: சம்மதமில்லை என்று நிரூபிக்க, உடம்பில் காயம் போன்ற எதிர்ப்பின் அடையாளம் கட்டாயமில்லை. "கத்தினியா? அடிச்சனியா? ஏன் காயமில்லை?" என்று கேட்டுக்கொண்டிருந்த நீதிமன்றத்துக்கு இது பெரிய மாற்றம்.

ஆனால் அதே சட்டமூலத்தில் இன்னொரு வாசகமும் இருந்தது. வல்லுறவு, தகாப்புணர்ச்சி, சிசுவின் கடும் குறைபாடு ஆகிய நிலைகளில் கருக்கலைப்பை அனுமதிப்பது. பாராளுமன்றத்தில் எதிர்ப்பு எழுந்ததும் அந்த வாசகம் விலக்கிக்கொள்ளப்பட்டது. மிச்சம் நிறைவேறியது.

என்ன நடந்தது என்று பாருங்கள். குற்றவாளிக்கு எத்தனை வருடம் என்பதைக் கூட்ட எல்லாருக்கும் சம்மதம். அந்தக் குற்றத்தால் வந்த கர்ப்பத்தைப் பெண் என்ன செய்வது என்பதை அவளிடம் விட மட்டும் சம்மதமில்லை. அவளுக்காகக் கோபப்படலாம், ஆனால் முடிவை அவளிடம் கொடுக்க முடியாது!

இன்னொரு ஓட்டையும் விடப்பட்டது. கணவன் செய்தால் வல்லுறவில்லை. நீதிமன்ற உத்தரவோடு பிரிந்து வாழ்ந்தால்தான் குற்றம். 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை விசயத்திலும் "12 வயதுக்கு மேற்பட்ட மனைவி" என்ற விலக்கு இருக்கிறது. பொதுச் சட்டத்தில் திருமண வயது 18 ஆனபடியால் இந்த விலக்கு நடைமுறையில் முஸ்லிம் சிறுமிகளைத்தான் பாதிக்கிறது. 1951இன் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைத் திருத்தச் சொல்லி முஸ்லிம் பெண்கள் நடத்தும் போராட்டத்தை "அது அவையின்ர பிரச்சினை" என்று நாங்கள் தள்ளி வைக்க முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

நீதிமன்றப் படிகள்

சட்டம் மாறினாலும் அதைப் பிடித்துக்கொண்டு ஏறுவது லேசில்லை. 1996இல் செம்மணியில் பரீட்சை எழுதிவிட்டு வந்த மாணவி ஒருவர் சோதனைச்சாவடியில் தடுக்கப்பட்டு, வல்லுறவுக்கு ஆளாக்கிக் கொல்லப்பட்டார். தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டார்கள். 1998இல் கொழும்பில் தீர்ப்பு வந்தது, இராணுவத்தினர் குற்றவாளிகளாகக் காணப்பட்டார்கள். அங்கே சாட்சி சொல்ல அந்தப் பிள்ளை உயிரோடு இருக்கவில்லை.

2010இல் விசுவமடுவில் மீள்குடியேறிய பெண் ஒருவர் உயிரோடு இருந்து சாட்சி சொன்னார். 2015இல் யாழ். மேல் நீதிமன்றம் இராணுவத்தினருக்கு நீண்டகாலக் கடூழியச் சிறை விதித்தது. 2019இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. ஒன்பது வருடம். பொலிஸ், சட்ட வைத்திய அதிகாரி, அடையாள அணிவகுப்பு, குறுக்கு விசாரணை என்று ஒவ்வொரு படியிலும் அந்தக் கதையைத் திரும்பச் சொல்ல வேண்டும். தீர்ப்பு என்ன என்று மட்டும் செய்திகளில் வாசிக்கிறோம். அவளோடு கூட நீதிமன்றத்துக்குப் போய் வாங்கில் இருந்த பெண்கள் அமைப்புக்காரரின் உழைப்பு செய்தியில் வருவதில்லை. இந்த வரலாற்றின் பெரும்பகுதி அந்த வாங்குகளில்தான் நடந்தது.

கர்ப்பத்துக்கு இந்த வேகம் தெரியாது. வழக்கு ஒன்பது வருடம் எடுக்கலாம், வயிற்றுக்கு ஒன்பது மாதம்தான்.

"வேண்டாம்" என்பதும் உரிமைதான்

இனவிருத்தி உரிமை என்றால் கருக்கலைப்பு மட்டும் என்று சுருக்குகிறவர்களுக்கு மலையகத்தைக் காட்ட வேண்டும். 1980களில் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு வந்தவர்களுக்கு அரசு 500 ரூபா வரை காசு கொடுத்தது. நாட்கூலியில் வாழ்ந்த தோட்டத்துப் பெண்ணுக்கு அந்தக் காசு என்னவாக இருந்திருக்கும்? தோட்டங்களில் 'எல்.ஆர்.ரி' என்ற சொல் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த சொல்லானது அப்படித்தான். பசியில் கொடுத்த சம்மதத்தைச் சம்மதம் என்று சொல்லலாமா?

2013 ஓகஸ்டில் கிளிநொச்சியின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு கிராமங்களில் பெண்களுக்குச் சரியான விளக்கமோ சுதந்திரமான சம்மதமோ இல்லாமல் கைத்தோலுக்குள் கருத்தடை பதிக்கப்பட்டது என்ற முறைப்பாடுகள் வெளிவந்தன. எங்கள் அரசியல் மேடைகளில் அது "இனத்தின் எண்ணிக்கை" பற்றிய கதையாகத்தான் போனது. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதே மேடைகள் அடுத்த மூச்சில் "தமிழ்ப் பெண்கள் கூடப் பிள்ளை பெற வேணும்" என்று சொன்னால், அந்தப் பெண்ணின் சம்மதம் அங்கேயும் காணாமல் போகிறது. ஒருவர் குறைக்கச் சொல்கிறார், மற்றவர் கூட்டச் சொல்கிறார். இரண்டு பேரும் எண்ணுவது அவளுடைய கருப்பையைத்தான்.

2017உம் அதற்குப் பிறகும்

2017இல் நீதியரசர் புவனெக அலுவிஹாரே தலைமையிலான குழுவின் பரிந்துரைகளைத் தொடர்ந்து, வல்லுறவு, தகாப்புணர்ச்சி, 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட சிறுமியின் கர்ப்பம், சிசுவின் கடும் குறைபாடு ஆகியவற்றில் கருக்கலைப்பை அனுமதிக்கும் யோசனை அமைச்சரவை வரை போனது. கத்தோலிக்க ஆயர் பேரவை பகிரங்கமாக எதிர்த்தது. அரசு பின்வாங்கியது. 22 வருடங்களுக்கு முன் நடந்ததே திரும்ப நடந்தது.

தடை இருப்பதால் கருக்கலைப்பு நின்றதா? நாளொன்றுக்கு 658 என்பது இலங்கையில் அடிக்கடி எடுத்தாளப்படும் மதிப்பீடு. காசுள்ளவர் தனியார் வைத்தியரைத் தேடுவார் அல்லது இந்தியாவுக்குப் போவார். காசில்லாதவர் களவாக விற்கும் குளிசையை வாங்கி, எத்தனை போடுவது என்று தெரியாமல் போட்டுவிட்டு, இரத்தப்போக்கோடு வீட்டிலேயே கிடப்பார். இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: கருச்சிதைவுக்குப் பின்னரான சிகிச்சை அரச வைத்தியசாலைகளில் கிடைக்கிறது. பயத்தில் பிந்துவதுதான் உயிரை எடுக்கிறது.

நாங்கள் கேட்பது ஒவ்வொரு பெண்ணும் கருவைக் கலைக்க வேண்டும் என்றல்ல. வல்லுறவுக்குப் பிறகு பிள்ளையைப் பெற்று வளர்க்கத் தீர்மானிக்கிற பெண்ணும் இருக்கிறாள். அவளையும் இந்த ஊர் நிம்மதியாக இருக்க விடுவதில்லை. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் இருந்து பள்ளிக்கூட வாசல் வரை தகப்பன் பெயர் கேட்டே கொல்லும். கலைத்தாலும் குற்றம், பெற்றாலும் குற்றம் என்றால் பிரச்சினை அவள் எடுத்த முடிவில் இல்லை. முடிவை அவள் எடுத்ததுதான் பிரச்சினை.

1995இல் பெண்கள் கேட்டது பாதிதான் கிடைத்தது. 2017இல் அந்த மற்றப் பாதி கதவு வரை வந்து திரும்பிப் போனது. மூன்றாம் தடவை அது பாராளுமன்றத்துக்கு வரும்போது மதத் தலைவர்களின் அறிக்கைகள் தயாராக இருக்கும். தமிழ்ப் பாராளுமன்ற உறுப்பினர்கள் என்ன சொல்லப் போகிறார்கள் என்பதை நாங்கள் இப்பவே கேட்கத் தொடங்கலாம். வீட்டுக்கு வாக்குக் கேட்டு வரும்போது வீதி, வேலை, காணி எல்லாம் கேட்கிறோம்தானே. 303ஐயும் அதோடு சேர்த்துக் கேட்போம்.