எட்டாம் நாள் செத்தவன்

போர்க்கதைகளில் ஒரு வேடிக்கை உண்டு. எழுதுபவர் ராஜாவையும் தளபதியையும் பார்த்துப் பார்த்துச் செதுக்கி வைத்திருப்பார். வாசிப்பவரோ நாலு பக்கம் வந்து செத்துப்போகிற யாரோ ஒரு வீரனைப் பிடித்துக்கொண்டு "அவனை ஏன் கொன்றீர்கள்?" என்று சண்டைக்கு வருவார். இணையத்தில் வரும் சித்திரக்கதைகளில் இது சர்வசாதாரணம். அந்த வீரனுக்கு ரசிகர்களே ஊர், குடும்பம் எல்லாம் கற்பித்து, சமயத்தில் கல்யாணமும் செய்துவைத்துவிடுவார்கள்! இது ஏதோ புதுப் பழக்கம் என்று நினைத்தால் தப்பு. தமிழ்நாட்டில் ஆயிரம் வருஷமாக ஒருவனுக்கு இதுதான் நடந்துகொண்டிருக்கிறது. அவன் பெயர் அரவான்.

அர்ஜுனனுக்கும் நாககன்னி உலூபிக்கும் பிறந்தவன். வடமொழி மகாபாரதத்தில் இவன் பெயர் இராவான். பீஷ்ம பர்வத்தில், 18 நாள் போரின் 8-ஆம் நாள் களத்துக்கு வருகிறான். சகுனியின் தம்பிமார்களை வெட்டிச் சாய்க்கிறான். உடனே துரியோதனன் அலம்புசன் என்ற அரக்கனை ஏவுகிறான். இவன் நாகமாக மாற, அவன் கருடனாக மாறுகிறான். தலை போய்விடுகிறது. அவ்வளவுதான்! அர்ஜுனன் அப்போது வேறொரு பக்கம் சண்டையில் இருக்கிறான். மகன் செத்ததே அவனுக்குத் தெரியாது. பிறகு தெரிந்து வருந்துகிறான். போர் மேலே போகிறது.

அபிமன்யுவோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். அவனும் அர்ஜுனன் மகன்தான். அவன் 13-ஆம் நாள் செத்ததும் அப்பா சபதம் போடுகிறார், மறுநாள் போர் முழுக்க ஜயத்ரதனைத் தேடுவதிலேயே கழிகிறது. அழுவதற்கு அம்மா சுபத்திரை இருக்கிறாள், மனைவி உத்தரை இருக்கிறாள், அவள் வயிற்றில் வாரிசும் இருக்கிறது. அபிமன்யுவுக்காக வாசகர் தனியாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, வியாசரே எல்லாம் செய்துவிட்டார். அரவானுக்கு அப்படி அழ யாருமில்லை. தமிழர்கள் கை வைத்தது சரியாக அந்த இடத்தில்தான்.

9-ஆம் நூற்றாண்டில், மூன்றாம் நந்திவர்மப் பல்லவன் காலத்தில் பெருந்தேவனார் பாரத வெண்பா பாடினார். முழுதாகக் கிடைக்கவில்லை, கிடைத்த பகுதியில் அரவான் களப்பலி இருக்கிறது. அதாவது எட்டாம் நாள் செத்தவன் இப்போது போருக்கு முன்பே வந்துவிட்டான். அவன் இல்லாவிட்டால் போரில் ஜெயிக்கவே முடியாது என்றாகிவிட்டது. பின்னால் வந்த வில்லிபுத்தூராரும் இதை விடவில்லை. சரி, களப்பலியிலேயே செத்தவன் எட்டாம் நாள் எப்படி மறுபடி சண்டை போட்டான்? அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். பலியான பிறகும் போரைப் பார்க்க வேண்டும் என்று வரம் கேட்டானாம். (பிடித்த பாத்திரத்தைத் திரும்பக் கொண்டுவர ஆசை வந்துவிட்டால் காரணம் கிடைப்பதா கஷ்டம்!)

இந்தக் கதையை நாட்டார் சொல்வதுதான் ருசி. போரில் ஜெயிக்க எல்லா லட்சணமும் பொருந்திய ஒருவனை அமாவாசை அன்று காளிக்குப் பலி கொடுக்க வேண்டும். நாள் குறித்துத் தரச் சொல்லி துரியோதனன் நேராகப் போய் நிற்பது யாரிடம் தெரியுமா? சகாதேவனிடம். எதிரி என்று தெரிந்தும் அவன் பொய் சொல்லவில்லை. பலியாகச் சம்மதித்து அரவானும் துரியோதனனுக்கு வாக்குக் கொடுத்துவிடுகிறான். கண்ணன் என்ன செய்கிறான்? முதல் நாளே ஆற்றங்கரையில் உட்கார்ந்து அமாவாசைத் தர்ப்பணம் செய்ய ஆரம்பிக்கிறான். பதறிப்போன சூரியனும் சந்திரனும் ஒன்றாக இறங்கி வந்து "இன்றைக்கு அமாவாசை இல்லையே" என்கிறார்கள். "நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்திருந்தால் அமாவாசைதானே!" முடிந்தது கதை. பலி பாண்டவர் பக்கம் வந்துவிட்டது.

கல்யாணம் ஆகாமல் சாகக்கூடாது, தனக்காக அழ ஒருத்தி வேண்டும் என்பது அவன் கேட்கும் இன்னொரு வரம். மறுநாள் சாகப்போகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கண்ணனே மோகினியாகி வந்து கழுத்தை நீட்டுகிறான். விடிந்ததும் விதவையாகி அழுகிறான். கடவுளே வந்து ஒப்பாரி வைக்கும்படி கதையை மாற்றிவிட்டார்கள்.

இது ஏட்டோடு நிற்கவில்லை. வட தமிழ்நாட்டின் திரௌபதி அம்மன் விழாக்களில் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் தெருக்கூத்து. அரவான் களப்பலி (கூத்தில் 'கடபலி' என்றும் சொல்வதுண்டு) அதில் முக்கியமான இரவு. விடிய விடிய உட்கார்ந்து பார்க்கும் பெண்கள், பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தது போல அழுவார்கள்.

கள்ளக்குறிச்சி மாவட்டம் கூவாகத்தில் அரவான் கூத்தாண்டவர் ஆகிவிட்டான். சித்திரையில் 18 நாள் விழா. பௌர்ணமி இரவில் திருநங்கைகள் அவனுக்காகத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். வேண்டுதல் உள்ள உள்ளூர் ஆண்களும் கட்டிக்கொள்வதுண்டு; பத்திரிகைகள் இதை அவ்வளவாக எழுதுவதில்லை. மறுநாள் தேரில் ஏறும் அரவானின் உடம்பைச் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து பாகம் பாகமாகக் கொண்டுவந்து பொருத்துகிறார்கள். தேர் களத்துக்குப் போனதும் தாலி அறுபடுகிறது, வளையல் உடைகிறது, வெள்ளைப் புடவை.

அந்த அழுகையை நடிப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர்கள், தாங்கள் செத்தால் அழ ஆள் இருக்குமா என்று தெரியாதவர்கள், அங்கே வருகிறவர்களில் நிறையப் பேர். அழ ஆளில்லாதவனுக்கு அவர்கள் மனைவியாகிறார்கள். 'அரவாணி' என்ற பெயரே இவனிடமிருந்து வந்தது. 2008-இல் தமிழக அரசு நல வாரியம் அமைத்தபோதும் அந்தப் பெயர்தான் இருந்தது. பிறகு 'திருநங்கை' நிலைத்தது. கதையில் ஓரமாக வந்து செத்தவனின் பெயர் ஒரு சமூகத்தின் அரசாங்கக் காகிதம் வரை போயிருக்கிறது!

கடல் தாண்டியும் போயிருக்கிறான். சிங்கப்பூர் மாரியம்மன் கோயிலில் திரௌபதியோடு அரவானுக்கும் சந்நிதி உண்டு. இலங்கையில் புத்தளம் மாவட்டத்து மீனவ ஊரான உடப்பில் திரௌபதி அம்மனுக்குத் தீமிதி நடக்கிறது. ராஜஸ்தானத்தில் காட்டூ ஊரில் கும்பிடப்படும் பர்பரீகன் கதையும் கிட்டத்தட்ட இதேதான், அங்கேயும் வெட்டுண்ட தலை போரைப் பார்க்கிறது. அவனுக்கு மோகினி மட்டும் கிடைக்கவில்லை, பாவம்.

திரௌபதி அம்மன் கோயில்கள் பலவற்றில் அரவானுக்கு உடம்பு கிடையாது. தலை மட்டும்தான். முறுக்கிய மீசை, மேலே படமெடுத்த நாகம். கண்கள் அகலத் திறந்திருக்கும். எட்டாம் நாளில் முடிந்துபோனவன் பதினெட்டாம் நாள் துரியோதனன் விழுகிற வரைக்கும் பார்க்க வேண்டுமே.