‘அனுப்பப்பட்டது’, ‘கிடைத்தது’: பொதி வானொலியின் சொற்களும் விழிஞ்ஞம் கடலும்

‘பாக்கெட்’ என்னும் சொல் தகவல் தொடர்பியலுக்குள் வந்த கதையில் மொழியியலுக்கு ஒரு சிறு பங்கு உண்டு. 1960களின் நடுவில் இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் பணியாற்றிய டொனால்ட் டேவிஸ், நீண்ட செய்தியைச் சிறு துண்டுகளாக அறுத்துத் தனித்தனியே அனுப்பும் முறையை வகுத்தார். அத்துண்டுக்குப் பெயர் வைக்கும்முன், பிற மொழிகளிலும் அச்சொல் எளிதாகப் புழங்குமா என்று தம் ஆய்வகத்து மொழியறிஞர் ஒருவரிடம் கேட்டுத் தெளிந்த பிறகே ‘பாக்கெட்’டைத் தேர்ந்தார். ஏறத்தாழ அதே கருத்தை அமெரிக்காவில் முன்னரே எட்டியிருந்த பால் பாரன் வைத்த பெயர் ‘செய்தித் தொகுதி’ என்ற பொருளுடையது. அது நிலைக்கவில்லை.

தமிழில் இதற்குப் ‘பொட்டலம்’, ‘சிப்பம்’, ‘பொதி’ என்று பல பெயர்ப்புகள் உலவுகின்றன. டேவிஸின் அளவுகோலை வைத்துப் பார்த்தால் ‘பொதி’யே முந்துகிறது. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, தமிழும் மலையாளமும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடக்கும் விழிஞ்ஞம் கரையில், வாழையிலையில் கட்டிய சோறு ‘பொதிச்சோறு’. உள்ளே இருப்பது ஒன்று, அதைச் சுற்றியிருப்பது வேறொன்று என்னும் பொருள் அச்சொல்லிலேயே இருக்கிறது. பொதி வானொலியின் சட்டகமும் அப்படித்தான். தொடக்கத்தையும் முடிவையும் குறிக்கும் ‘01111110’ என்ற கொடி, பெறுநரின் அழைப்புக் குறி, அனுப்புநரின் அழைப்புக் குறி, இவற்றுக்கு நடுவே செய்தி, கடைசியில் பிழை காட்டும் எண். இலை கிழிந்திருந்தால் சோறு தள்ளுபடி; எண் பொருந்தாவிட்டால் பொதி தள்ளுபடி.

வானொலியில் பொதி அனுப்பும் முறையை 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் அலோஹாநெட் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அமெச்சூர் வானொலியர்களின் உலகில் அது 1978இல் கனடாவின் மாண்ட்ரியலில் தொடங்கியது. பொதுத் தரவு வலையமைப்புகளுக்காக உருவான எக்ஸ்.25 என்னும் நெறிமுறையை அமெச்சூர்கள் தமக்கேற்பத் திருத்திக்கொண்டு, முன்னால் ஒரு ‘ஏ’ சேர்த்தனர். ஏ.எக்ஸ்.25இன் இரண்டாம் பதிப்பு 1984இல் வெளிவந்தது. அந்த ‘ஏ’ அமெச்சூரைக் குறிக்கும். நொடிக்கு 1200 பிட் என்பது இன்றைய கண்ணுக்கு நகைப்பாகத் தோன்றலாம். ஆனால் கைப்பேசிக் கோபுரமே இல்லாத இடத்தில், ஒரு சிறு வானொலிப் பெட்டியையும் ‘டி.என்.சி.’ என்னும் முனையக் கட்டுப்பாட்டுக் கருவியையும் கொண்டு எழுத்துச் செய்தியைப் பிழையின்றிச் சேர்ப்பதே அதன் நோக்கம்.

இத்துறையின் சொற்களில் பாதி கடலோரத்துக்கு அந்நியமானவை அல்ல. ‘பீக்கன்’ என்பது யாரையும் விளிக்காமல், யாருடைய மறுமொழியையும் எதிர்பாராமல், குறித்த இடைவெளியில் தன் இருப்பை அறிவித்துக்கொண்டே இருக்கும் பொதி. 1972 முதல் விழிஞ்ஞத்தில் ஒளிரும் கலங்கரை விளக்கம் செய்வதும் அதுவே. ‘நோட்’ என்பதன் இலத்தீன் மூலம் முடிச்சைக் குறிப்பது. தமிழ்க் கலைச்சொல்லாளர்கள் கரும்பையும் மூங்கிலையும் நினைத்து அதைக் ‘கணு’ ஆக்கினர். வலையை நாள்தோறும் கையாளும் ஒருவரிடம் கேட்டிருந்தால் ‘முடிச்சு’ என்றே விடை வந்திருக்கும். ‘வலையமைப்பு’ என்று ஆக்கிவிட்டு வலையின் முடிச்சை விட்டது ஏனென்று விளங்கவில்லை.

எல்லாவற்றிலும் நுட்பமானது ‘டிஜிபீட்டர்’, ‘நோட்’ ஆகிய இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு. டிஜிபீட்டர் தன் பெயர் குறித்து வரும் பொதியைக் கேட்டு, அப்படியே திரும்பச் சொல்லிவிட்டு மறந்துவிடும். அடுத்த நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அது பார்ப்பதில்லை. ‘கிடைத்தது’ என்ற ஒப்புகை கடைசி நிலையத்திலிருந்து முழு வழியும் திரும்பி வரவேண்டும். இடையிலுள்ள ஒவ்வொரு தாவலிலும் பொதி பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 80 என்று வைத்துக்கொண்டால், நான்கு தாவலில் அது 41 ஆகும். ஒப்புகையும் அதே வழியில் திரும்பவேண்டும் என்பதால் முழுச் சுற்றும் நிறைவேறும் வாய்ப்பு 17க்குள் சுருங்கிவிடும். இந்தச் சிக்கலைக் கண்ட பிறகே 1980களின் பிற்பகுதியில் நெட்-ராம் போன்ற கணு மென்பொருள்கள் பரவின. கணு ஒவ்வொரு தாவலிலும் ஒப்புகை கேட்கும். வராவிட்டால் தானே மீண்டும் அனுப்பும். முன்னது எதிரொலித்தல், பின்னது பொறுப்பேற்றல். பதிவுத் தபாலின் ‘ஒப்புகை அட்டை’யை அறிந்த தமிழ் வாசகருக்கு இதில் விளங்காதது எதுவுமில்லை.

இந்த வேறுபாடு வெறும் கலைச்சொல் விவகாரம் அன்று என்பதை 2017 நவம்பரின் கடைசி இரு நாட்கள் காட்டின. ஒக்கிப் புயலில் விழிஞ்ஞம், பூந்துறை முதல் குமரி மாவட்டத்தின் தூத்தூர் வட்டாரம் வரை நூற்றுக்கணக்கான மீனவர்கள் இறந்தோ காணாமலோ போயினர். (‘ஒக்கி’ வங்கமொழியில் கண். விழிஞ்ஞத்தின் முதலில் ‘விழி’ இருப்பது தற்செயலே. அதைக்கொண்டு சொற்பிறப்பு கட்டுவதற்கு இல்லை.) பின்னர் எழுந்த வாதம் முழுவதும் இரண்டு வினைச்சொற்களைச் சுற்றியே நடந்தது. எச்சரிக்கை ‘கொடுக்கப்பட்டது’ என்றது ஒரு தரப்பு. புயல் என்ற செய்தி 30ஆம் தேதி நண்பகலில்தான் ‘கிடைத்தது’ என்றது கேரள அரசு. 29ஆம் தேதி வரை அறிவிப்புகளில் இருந்த சொல் ‘தாழ்வு மண்டலம்’. ‘புயல்’ என்ற சொல் மறுநாளே வந்தது. இவ்வாதத்தின் இரு தரப்பும் கரையில் நின்றவை. அதற்குப் பல நாட்களுக்கு முன்னரே ஆழ்கடலுக்குப் போய்விட்ட படகுக்கு எந்தச் சொல்லும் எட்டியிருக்க வழியில்லை. படகுகளின் வி.எச்.எஃப். கருவி நேர்க்கோட்டில் செல்லும் அலையை நம்புவது. சில பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் அது ஊமை.

பொதி வானொலியின் மொழியில் சொன்னால், அரசு அனுப்பியது ஒரு பீக்கன். அதற்கு ஒப்புகை கேட்கும் முறை கிடையாது. ‘அனுப்பப்பட்டது’ என்னும் செயப்பாட்டு வினை தமிழில் பெறுநரை முற்றாக மறைத்துவிடுகிறது. நிருவாகத் தமிழ் அதை விரும்பிப் பயன்படுத்துவதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம். ஏ.எக்ஸ்.25இல் இந்த மறைப்புக்கு இடமில்லை. இணைப்பு நிலையில் உள்ள நிலையம் ஒப்புகைக்காகக் காத்திருக்கும், மீண்டும் முயலும். முயற்சிகளின் எண்ணிக்கை வரம்பைக் கடந்தால் தோல்வியைத் திரையில் எழுதிக் காட்டிவிட்டே இணைப்பைத் துண்டிக்கும். தோல்வியை அறிவிக்கும் கடமை அனுப்பியவருடையது.

அமெச்சூர் அலைவரிசையை மீன்பிடித் தொழிலுக்குப் பயன்படுத்த முடியாது. அதற்குத் தனி உரிமம் வேண்டும், வணிகப் பயன்பாடு விலக்கப்பட்டது. ஆனால் அந்த அமெச்சூர் நெறிமுறையின் நெருங்கிய உறவு விழிஞ்ஞம் கடலில் ஒவ்வொரு நிமிடமும் ஒலிக்கிறது. 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட துறைமுகத்துக்கு வரும் சரக்குக் கப்பல்கள் ஏ.ஐ.எஸ். என்னும் தானியங்கி அடையாள முறையில் தம் பெயர், இடம், வேகம் ஆகியவற்றைப் பொதிகளாக ஒலிபரப்புகின்றன. ஏ.எக்ஸ்.25இன் அதே ‘01111110’ கொடிதான் அங்கும். பெருங்கப்பல் கட்டாயமாக அதைச் சுமக்கிறது. நாட்டுப்படகு கப்பலின் திரையில் தெரிவதேயில்லை. எட்டாம் நூற்றாண்டின் சீவரமங்கலச் செப்பேடு விழிஞத்தின் கோட்டையைப் பாண்டியன் அழித்ததைப் பேசுகிறது. துறையில் படகோட்டியவர்களைப் பற்றி அதிலும் சொல் இல்லை.

ஒக்கிக்குப் பின் இஸ்ரோவின் நாவிக் செயற்கைக்கோள் வழியாக ஆழ்கடல் படகுகளுக்கு எச்சரிக்கை அனுப்பும் கருவிகள் வந்தன. அவை பெறுவதற்கு மட்டுமே. அதாவது மேலே சற்று உயரத்தில் இன்னொரு பீக்கன். இருவழித் தொடர்புக்கான திட்டம் 2024 ஆகஸ்ட் 30 அன்று மகாராட்டிரத்தின் பால்கரில் தொடங்கப்பட்டது: 364 கோடி ரூபாய்ச் செலவில், 13 கடலோர மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளின் ஒரு லட்சம் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர். கடலிலிருந்து கரைக்கும் அதில் குறுஞ்செய்தி அனுப்பலாம்.