சிடிகே1: செல் பிரிவிலும் அதற்கு அப்பாலும்

ஒரு செல் இரண்டாகப் பிரியும் வேளையை முடிவு செய்யும் முதன்மை நொதி சிடிகே1. பிற புரதங்களின் மீது பாஸ்பேட்டை ஏற்றி அவற்றின் நடத்தையை மாற்றும் கைனேஸ் வகையைச் சேர்ந்தது.

1970களில் லேலண்ட் ஹார்ட்வெல் ரொட்டி ஈஸ்டிலும், பால் நர்ஸ் பிளவு ஈஸ்டிலும் இதன் மரபணுவைத் தனித்தனியே கண்டறிந்தனர். 1987இல் நர்ஸும் மெலனி லீயும் செய்த சோதனைதான் எல்லோரையும் வியக்க வைத்தது. இந்த மரபணு பழுதுபட்டு, பிரிய முடியாமல் நின்றுபோன ஈஸ்டுக்குள் மனித மரபணுக்களைச் செலுத்தினார்கள். அவற்றுள் ஒன்று ஈஸ்டை மீண்டும் பிரிய வைத்தது. ஈஸ்டும் மனிதரும் கிளை பிரிந்து நூறு கோடி ஆண்டுகளான பின்னும் அந்த நொதியின் வேலை மாறவில்லை! கடல் முள்ளெலி முட்டைகளில் இந்த நொதியின் துணைப் புரதமான சைக்ளினைக் கண்ட டிம் ஹன்ட்டோடு சேர்த்து, ஹார்ட்வெல்லுக்கும் நர்ஸுக்கும் 2001இல் நோபல் பரிசு கிடைத்தது.

சிடிகே1 தனியாக இயங்காது. சைக்ளின் புரதம் வந்து இணைய வேண்டும். இணைந்த பிறகும் வீ1 என்ற நொதி அதை முடக்கி வைத்திருக்கும். டி.என்.ஏ. நகலெடுப்பு முடிந்ததும் சிடிசி25 என்ற நொதி அந்த முடக்கத்தை நீக்குகிறது. உடனே உட்கரு உறை கலைகிறது, குரோமோசோம்கள் சுருண்டு தடிக்கின்றன. பிரிவு நிறைவேற, சைக்ளின்களில் ஒன்றான சைக்ளின் பி அழிக்கப்பட்டாக வேண்டும்.

எலிக் கருக்களில் இதன் உறவு நொதிகளான சிடிகே2, 4, 6 ஆகிய மூன்றையும் நீக்கிய பிறகும் சிடிகே1 ஒன்றைக் கொண்டே செல்கள் பிரிந்ததை 2007இல் மாட்ரிட் ஆய்வாளர்கள் காட்டினர்.

பிரிவதையே நிறுத்திவிட்ட செல்களிலும் இதற்கு வேலை உண்டு என்பதுதான் இன்னும் சுவையான செய்தி. மூளையின் உள்ளறைகளில் திரவத்தைத் தள்ளிவிடும் மயிரிழைகள் கொண்ட செல்கள் இனி ஒருபோதும் பிரியாதவை. ஆயினும் அந்த இழைகளுக்கு அடித்தளமான சென்ட்ரியோல்களைப் பெருக்க, செல் பிரிவுக்குரிய சிடிகே1 பொறியமைப்பையே அவை குறைந்த அளவில் இயக்குகின்றன. இதை 2017இல் பாரிஸ் ஆய்வுக்குழு எலி மூளைச் செல்களில் கண்டது. செயல்பாடு குறைந்தால் இழை உருவாக்கம் தடைபட்டது. மிகுந்தால், பிரியக் கூடாத செல்கள் பிரிவுக்குள் நுழைந்தன. ஆகவே, நொதி இருக்கிறதா என்பதைவிட எந்த அளவில் இயங்குகிறது என்பதே முக்கியம்.

செல் தன் தளத்தைப் பற்றிக்கொள்வதிலும் அது பங்கேற்கிறது. நரம்புச் செல்களிலோ பேட் என்ற புரதத்தைத் தூண்டிச் செல்லின் மரணத்துக்கு வழிவகுக்கவும் செய்யும்.

இதன் உறவினர்களான சிடிகே4, 6 ஆகியவற்றைத் தடுக்கும் பால்போசிக்லிப் 2015இல் அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய் மருந்தாக அனுமதி பெற்றது. சிடிகே1ஐத் தடுப்பது அத்தனை எளிதல்ல. பிரியும் நலமான செல்களும் அதை நம்பியே வாழ்கின்றன.