பதினாறு பேரைக் கொன்றது யார்?

1980ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16, சனிக்கிழமை. கல்கத்தாவின் ஈடன் கார்டன்ஸ் மைதானத்தில் கல்கத்தா கால்பந்து லீக் ஆட்டம். ஒரு பக்கம் ஈஸ்ட் பெங்கால், மறுபக்கம் மோகன் பகான். ஏறத்தாழ 70,000 பேர் கூடியிருந்தார்கள். இரண்டாம் பாதியில் ஈஸ்ட் பெங்காலின் திலீப் பாலித்துக்கும் மோகன் பகானின் பிதேஷ் போஸுக்கும் மோதல் மூண்டது. நடுவர் இருவரையும் வெளியேற்றினார். மாடத்தில் கைகலப்பு தொடங்கியது, கற்கள் பறந்தன. தப்பித்து ஓடியவர்கள் படிக்கட்டுகளிலும் வாயில்களிலும் ஒருவர் மீது ஒருவர் விழுந்தார்கள். பதினாறு பேர் இறந்தார்கள். ஆட்டம் கோல் எதுவும் இல்லாமல் முடிந்தது. இந்தியக் கால்பந்து வரலாற்றில் இதைவிடக் கொடிய நாள் வேறு இல்லை. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16ஐக் கால்பந்து ரசிகர் தினமாக அனுசரித்து, இறந்தவர்கள் நினைவாக ரத்ததான முகாம் நடத்துகிறார்கள்.

இன்றைக்கும் அந்த நாளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பாலித், போஸ் என்ற இரண்டு பெயர்களிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அடுத்து நடுவரின் சிவப்பு அட்டை வரும். அதற்கடுத்து, 'ரசிகர் கூட்டம் வெறிகொண்டது' என்று ஒரு வரி. கதை அத்துடன் முடிந்துவிடும். ஜென்மப் பகை கொண்ட இரண்டு அணிகளின் ரசிகர்கள் ஒரே மாடத்தில் கலந்து உட்காரும்படி டிக்கெட் விற்கப்பட்டதே, அது யாருடைய முடிவு? அத்தனை பேர் ஒரே நேரத்தில் வெளியேற வேண்டி வந்தால் எந்த வழியாகப் போவார்கள் என்று முன்கூட்டி யோசித்தவர் யார்? மோதிக்கொண்ட இரண்டு ஆட்டக்காரர்களின் பெயர் நாற்பது ஆண்டுகளாக நினைவில் நிற்கிறது. டிக்கெட் அச்சடிக்கச் சொன்னவரின் பெயர் எந்த ரசிகருக்கும் தெரியாது. 'கூட்டம்' என்ற சொல் செய்யும் வேலை இதுதான். அந்த ஒரு சொல்லுக்குள் பொறுப்புள்ளவர்கள் எல்லாரும் போய் ஒளிந்துகொள்ள இடம் கிடைத்துவிடுகிறது. கூட்ட வன்முறையின் வரலாற்றை எழுத வருகிறவர் முதலில் அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதே இந்த வாரக் கட்டுரையின் வாதம்.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும். கல்கத்தாவின் பகை சாதாரணப் பகையா? மேற்கு வங்கத்தின் பூர்விகக் குடிகளான 'கோட்டி'களின் அணி மோகன் பகான், கிழக்கிலிருந்து வந்த 'பாங்கால்'களின் அணி ஈஸ்ட் பெங்கால். 1947 பிரிவினையில் வீடு வாசலை இழந்து வந்த லட்சக்கணக்கான அகதிகளுக்கு அந்தச் சிவப்பு மஞ்சள் சட்டைதான் ஊரின் மிச்சம். 1975இல் ஈஸ்ட் பெங்கால் ஐந்து கோல் போட்டு வென்றபோது, தோல்வி தாங்காமல் ஒரு மோகன் பகான் ரசிகர் உயிரை மாய்த்துக்கொண்டார். இப்படிப்பட்ட இருவரை எப்படி உட்கார வைத்தாலும் ரத்தம் சிந்தத்தானே செய்யும் என்பது அந்த மறுப்பு. பகை உண்மை. ஆனால் பகை இருப்பதாலேயே சாவு வந்துவிடும் என்பதை அதே கல்கத்தாவே பொய்யாக்கியிருக்கிறது. 2024 ஆகஸ்ட் 18 அன்று நடக்கவிருந்த டூரண்ட் கோப்பை ஆட்டம் ரத்தானது. ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பெண் மருத்துவர் கொல்லப்பட்டதால் நகரமே கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. ஆட்டத்துக்குப் பாதுகாப்புத் தர இயலாது என்றார்கள். அன்று மாலை சால்ட் லேக் மைதானத்துக்கு வெளியே மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் தத்தம் கொடிகளோடு தோளோடு தோள் நின்று அந்த மருத்துவருக்கு நீதி கேட்டார்கள். மூன்றாவது பெரிய அணியான முகமதன் ஸ்போர்ட்டிங்கின் ரசிகர்களும் வந்து சேர்ந்தார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. ஒரு நூற்றாண்டுப் பகை என்று நாம் படித்துவந்த விளக்கம் மட்டும் போதாது என்று அந்த ஒரு மாலை காட்டிவிட்டது. பகையை மட்டும் காரணம் காட்டுகிறவர்கள் அந்த மாலைக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

கூட்டத்தின் மீது பழி போடும் வேலையில் பத்திரிகைக்கு இருக்கும் பங்கைத் தெரிந்துகொள்ள இங்கிலாந்துக்குப் போக வேண்டும். 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ மைதானம். லிவர்பூல் ரசிகர்களுக்கு ஒதுக்கிய நின்று பார்க்கும் பகுதியில் நெரிசலால் நசுங்கியவர்களில் இறந்தோர் எண்ணிக்கை கடைசியில் 97 ஆனது. வெளியே நெரிசல் மிகுந்ததால் ஒரு பெரிய வாயிலைத் திறக்கச் சொன்னவர் அன்று பொறுப்பில் இருந்த காவல் அதிகாரி டேவிட் டக்கன்ஃபீல்ட். உள்ளே ஏற்கெனவே நிரம்பிவிட்ட பகுதிக்குப் போகும் வழியை யாரும் அடைக்கவில்லை. ஆனால் கால்பந்துச் சங்க அதிகாரிகளிடம் அவர் சொன்னது, ரசிகர்கள் வாயிலை உடைத்துக்கொண்டு நுழைந்தார்கள் என்று. நான்கு நாள் கழித்து 'தி சன்' நாளிதழ், 'உண்மை' என்று கொட்டை எழுத்தில் தலைப்பிட்டு, ரசிகர்கள் பிணங்களின் பையில் கை விட்டுத் திருடினார்கள், காவலர்கள் மீது சிறுநீர் கழித்தார்கள் என்று முதல் பக்கத்தில் எழுதியது. அத்தனையும் பொய். 2012இல் வந்த சுயேச்சைக் குழுவின் அறிக்கை, காவலர்களின் வாக்குமூலங்களில் 164 திருத்தப்பட்டிருந்ததைக் காட்டியது. 2016 ஏப்ரலில் ஜூரி, இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்றும் ரசிகர்களின் நடத்தை அதற்குக் காரணமல்ல என்றும் தீர்ப்பளித்தது. அந்தப் பொய் நான்கே நாளில் அச்சேறிவிட்டது, அதைத் துடைக்க 27 ஆண்டுகள் ஆயின. லிவர்பூலில் இன்றும் பலர் அந்தப் பத்திரிகையைக் கையால் தொடுவதில்லை.

அந்தப் பொய் அவ்வளவு எளிதாக எடுபட்டதற்குக் காரணம், கூட்டம் என்றாலே மிருகம் என்ற எண்ணம் படித்தவர்கள் மனதில் ஏற்கெனவே ஊறிக்கிடந்ததுதான். 1895இல் பிரெஞ்சு எழுத்தாளர் குஸ்தாவ் லெ போன், கூட்டத்தில் சேர்ந்த மனிதன் தன் அறிவை இழந்து காட்டுமிராண்டியாகிறான் என்று ஒரு நூல் எழுதினார். அரசாங்கங்களும் காவல்துறைகளும் அந்தக் கருத்தை விரும்பி ஏற்றுக்கொண்டன. ஹில்ஸ்பரோவில் என்ன நடந்தது என்று பாருங்கள். ஆம்புலன்ஸ்கள் போதுமான அளவில் உள்ளே வராத நிலையில் அந்த 'மிருகங்கள்'தான் மைதானத்தின் விளம்பரப் பலகைகளைப் பிய்த்து, அவற்றையே தூக்குப் படுக்கையாக்கி அடிபட்டவர்களைச் சுமந்து ஓடினார்கள். இந்தோனேசியாவின் மலாங் நகரில் ஒரு கால்பந்து ஆட்டத்தில் 2022 அக்டோபர் 1 அன்று 135 பேர் இறந்தார்கள். அங்கே எதிரணி ரசிகர் ஒருவர்கூட மைதானத்தில் இல்லை, முன்னதாகவே தடுத்துவிட்டார்கள். அடைபட்ட மாடங்களை நோக்கிக் காவல்துறை கண்ணீர்ப்புகை வீசியது. உலகக் கால்பந்துச் சம்மேளனத்தின் பாதுகாப்பு விதி மைதானத்தில் அதைத் தடை செய்கிறது. பகையே உள்ளே வராத ஓர் இடத்தில் இத்தனை சாவு!

அப்படியானால் கல்லெறிந்தவனும் கத்தி வீசியவனும் நிரபராதிகளா, எல்லாப் பழியையும் அதிகாரி தலையில் கட்டிவிடலாமா என்று கேட்பது நியாயம். கூடாது. அதுவும் இன்னொரு ஒளிவிடம்தான். 1985 மே 29 அன்று பிரஸ்ஸல்ஸின் ஹெய்செல் மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்கள் எதிரணியினர் இருந்த பகுதிக்குள் பாய்ந்தார்கள். பின்வாங்கியவர்கள் மீது சுவர் சரிந்தது. 39 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் இத்தாலியர். அங்கே தாக்கியவர்கள் ரசிகர்கள் என்பதில் ஐயமில்லை. பெல்ஜியம் நீதிமன்றம் 14 ரசிகர்களை அடையாளம் கண்டு நோக்கமின்றி மரணம் விளைவித்த குற்றத்துக்குத் தண்டித்தது. அதே தீர்ப்பில் ஒரு காவல் அதிகாரியும் பெல்ஜியக் கால்பந்துச் சங்கத்தின் முன்னாள் நிர்வாகியும் அலட்சியத்துக்காகத் தண்டனை பெற்றார்கள். நான் கேட்கும் பிரித்தல் இதுதான். பாய்ந்தவனும் பொறுப்பாளி, பாழடைந்த மைதானத்தைத் தேர்ந்தவனும் பொறுப்பாளி, ஒவ்வொருவரும் தத்தம் செயலுக்கு.

ஈடனும் ஹில்ஸ்பரோவும் ஹெய்செலும் கைபேசி வருவதற்கு முந்தைய கதைகள், இன்றைக்கு வாட்ஸ்அப்தான் கொல்கிறது என்பார்கள். நம் பக்கத்து ஊர்களின் வரலாறே அதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. அமிர்தியில் தொடங்கித் தெற்கே போளூர் வரை ஜவ்வாது மலையடிவாரம் நீள்கிறது. 2018 ஏப்ரல், மே மாதங்களில் அந்த அடிவாரக் கிராமங்களிலும் வேலூர் பக்கமும் ஒரு செய்தி ஓடியது. வட மாநிலத்திலிருந்து பிள்ளை பிடிப்பவர்கள் கூட்டமாக இறங்கியிருக்கிறார்கள் என்பது அந்தச் செய்தி. ஏப்ரல் 28 அன்று வேலூர் மாவட்டம் பரசுராமன்பட்டியில் இந்தி பேசிய ஒருவரை அடித்தே கொன்றார்கள். வதந்தியை நம்பாதீர்கள் என்று காவல்துறை எச்சரித்தது. பதினோராவது நாள், மே 9 அன்று, போளூரை அடுத்த அத்திமூர் பகுதிக்கு ஒரு குடும்பம் காரில் வந்தது. குலதெய்வத்தைக் கும்பிட வந்தவர்கள். வழி கேட்க நிறுத்திய இடத்தில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று சத்தம் எழுந்தது. கார் களியம் கிராமத்தில் மடக்கப்பட்டது. அறுபது வயதைக் கடந்த ஒரு பெண் அடிபட்டுச் செத்தார். உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தார்கள். அவர்கள் தமிழர்கள், தமிழில்தான் கெஞ்சியிருப்பார்கள்.

ஈடனில் கூட்டத்தின் மீது பழி போட்டுப் பெரியவர்கள் தப்பினார்கள் என்றால், அத்திமூரில் கருவியின் மீது பழி போட்டுக் கை நீட்டியவர்கள் தப்பப் பார்த்தார்கள். 'வாட்ஸ்அப் வதந்தியால் மூதாட்டி பலி' என்ற வரியில் அடித்த கை எங்கே இருக்கிறது? செய்தி கொல்லாது என்று நான் சொல்லவில்லை. அதன் வேகமும், அதைத் திருத்த ஓர் ஆசிரியர்கூட இல்லாத நிலையும் அச்சுக் காலத்தில் இல்லாதவை. அந்த ஆண்டு இந்தியா முழுவதும் சுற்றிய பிள்ளை கடத்தல் வீடியோ ஒன்று, கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். கடத்தியவர் குழந்தையைத் திருப்பி இறக்கிவிட்டு அட்டையைக் காட்டும் கடைசிக் காட்சியை யாரோ வெட்டியெடுத்திருந்தார்கள். ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், ஒரு செய்தியை ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் ஒரே நேரத்தில் முன்னனுப்ப முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. நல்லதுதான். ஆனால் அந்தச் செய்தி வேர்விட்ட மண்ணையும் பார்க்க வேண்டும். முன்பின் தெரியாதவர் என்றால் சந்தேகம், வேற்று மொழிக்காரர் என்றால் திருடன் என்ற நினைப்பு கைபேசிக்கு முன்பே நம்மிடம் இருந்தது.

அதே நினைப்பு திரும்பி நம்மையே வந்து தாக்கியது 2023 மார்ச்சில். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று வட இந்தியாவில் வீடியோக்கள் பரவின. தொடர்பே இல்லாத சம்பவங்களின் காட்சிகளை எடுத்து ஒட்டியவை அவை. சில பத்திரிகைகளும் சரிபார்க்காமல் வெளியிட்டன. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து விசாரித்துப் பொய் என்று தெரிந்துகொண்டு போனது. அதைப் பரப்பிய யூடியூபர் மனீஷ் காஷ்யப் கைதானார். ஐந்து ஆண்டு முன்பு அவர்களைப் பிள்ளை பிடிப்பவர்கள் என்றோம். இப்போது நம்மைக் கொலைகாரர்கள் என்றார்கள். திருப்பூர்ப் பனியன் ஆலைகளிலும் ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளிலும் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை செய்கிற இருவரைப் பற்றித்தான் இந்த இரண்டு கதைகளும்.

அத்திமூர் வழக்கில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அடித்தவர்களே எடுத்துப் பரப்பிய வீடியோவை வைத்துத்தான் போலீஸ் முகங்களை அடையாளம் கண்டது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். கைதுக்குப் பயந்து ஊரே காலியானது. கூட்டத்தைத் தனித்தனி மனிதர்களாகப் பிரித்துக் காட்டியதும் அதே கைபேசிதான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 103ஆம் பிரிவு, சாதி, மொழி, பிறப்பிடம் போன்ற காரணத்துக்காக ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து கொன்றால், அந்தக் குழுவின் ஒவ்வொருவருக்கும் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ என்கிறது. 'ஒவ்வொருவர்' என்ற சொல் அங்கே முக்கியம். அந்தச் சொல்லில் ஆபத்தும் இருக்கிறது. யார் யார் என்று கண்டறியும் உழைப்பைச் செய்யாமல், கண்ணில் பட்டவர்களை எல்லாம் பட்டியலில் சேர்த்தால் அதுவும் கூட்டத்தைக் கூட்டமாகவே தண்டிப்பதுதான்.

ஆம்பூர் அதை அறியும். 2015 ஜூனில் பள்ளிகொண்டா காவல்துறையினரால் விசாரிக்கப்பட்ட ஆம்பூர் இளைஞர் ஒருவர் சென்னை மருத்துவமனையில் இறந்தார். போலீஸ் அடித்ததே காரணம் என்று உறவினர்கள் குற்றம்சாட்டினார்கள். காவல் ஆய்வாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். ஜூன் 27 இரவு ஆம்பூரில் கலவரம் வெடித்தது. வாகனங்கள் எரிந்தன, காவலர்கள் பலர் காயமடைந்தார்கள். ஒரு பெண் காவல் ஆய்வாளரும் தாக்கப்பட்டார். அவர்களைத் தாக்கியவர்கள் தண்டனைக்கு உரியவர்கள், சந்தேகமில்லை. வழக்கில் சேர்க்கப்பட்டவர்கள் 191 பேர். 2025 ஆகஸ்டில் திருப்பத்தூர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அவர்களில் எட்டுப் பேர் உயிரோடு இல்லை. குற்றவாளிகள் என்று நிரூபணமானவர்கள் 22 பேர். பத்து ஆண்டுகள் கலவரக்காரர் என்ற பெயரோடு நீதிமன்றத்துக்கு அலைந்த 161 பேர் விடுதலையானார்கள்.